செய்தி சுமந்தவர்களும் செய்தி அனுப்புபவர்களும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசி அமர்வது வழக்கம். ஆயின் சங்கச் செயலாளர் அவர்கள் எம்மை அழைத்தபோது, "ஐயா, இளைஞர்கள் நாளைக்கே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் ஒரு செயலியிலிருந்து மற்றொரு செயலிக்குத் தரவு தானே சென்று சேரும் வழியைப் பற்றிப் பேச முன்வந்தோம். யாம் கணினி பயின்றவர் அல்லோம். வரலாறு பயின்று பி.ஏ. பட்டமும், பின்னர் பி.எட். பட்டமும் பெற்றுச் சாக்குக்கட்டியோடு வாழ்ந்தவர். நம் சங்கத்து இளைஞர்கள் இருவர் எமக்குக் கற்பித்ததையே இன்று உங்களுக்குத் திருப்பிச் சொல்கிறோம். மாணவர்களிடம் பாடம் கேட்பது ஆசிரியருக்கு இழுக்கன்று.

பதினொரு நாள்

முதலில் 2021ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி. தந்தையார் கல் குவாரியில் கூலி வேலை செய்பவர். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது; கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்வாண்டுதான் நம் சங்கம் உதவி வேண்டுவோருக்காக இணையத்தில் ஒரு படிவம் திறந்திருந்தது. அம்மாணவி அன்றிரவே அண்ணனின் கைபேசியில் படிவத்தை நிரப்பி அனுப்பினார். "பெற்றுக்கொண்டோம், நன்றி" என்று திரையில் எழுத்து வந்தது. அதை நம்பி அவர் காத்திருந்தார்.

அவர் அனுப்பிய விவரம் ஒரு கணக்குத் தாளில் போய் உட்கார்ந்தது. அத்தாள் நம் உறுப்பினர் ஒருவருடைய மடிக்கணினியில் இருந்தது. அவருக்கு வாரந்தோறும் மாறும் ஷிப்ட் வேலை. மற்றொருவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் எண்ணினார். அவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர் எண்ணினார். பதினொரு நாள் ஒருவரும் அத்தாளைத் திறக்கவில்லை. திறந்தபோது கடைசி நாள் கடந்திருந்தது. கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட வழியின்றி அம்மாணவி ஓராண்டு தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக நின்றார்.

இதில் அலுவலகத்தின்மேல் குற்றமில்லை, கல்லூரியின்மேலும் குற்றமில்லை. குற்றம் நம்முடையது. தரவு நம் வீட்டு வாசல்வரை வந்தது. கதவைத் தட்டுவார் எவரும் இல்லாமையால் அங்கேயே கிடந்தது. கதவைத் தட்டுகின்ற அந்த ஒரு வேலையைச் செய்யும் ஏற்பாட்டிற்குத்தான் 'வெப்ஹூக்' என்று பெயர். இணையக் கொக்கி என்று தமிழில் கூறலாம்.

கேட்டுத் தெரிவதும் சொல்லித் தெரிவதும்

ஒரு செயலியில் நடந்ததை இன்னொரு செயலி அறிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேட்டுத் தெரிந்துகொள்வது. மற்றொன்று, சொல்லித் தெரிந்துகொள்வது.

இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் காய் பறித்துக்கொண்டிருக்கும் விவசாயி மணிக்கொரு முறை சந்தைக்குப் போய், "இன்றைக்குப் பெட்டி என்ன விலை?" என்று கேட்டுத் திரும்புவாராயின், அது முதல் வழி. பத்து முறை சென்றால் ஒன்பது முறை பழைய விலையே கிடைக்கும். கால் வலியும் காலச் செலவுமே மிச்சம். மாறாக, மண்டிக்காரரிடம் தம் கைபேசி எண்ணைக் கொடுத்து, "விலை மாறினால் மட்டும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்து வேலையைப் பார்ப்பாராயின், அது இரண்டாவது வழி. வெப்ஹூக் இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது.

இன்னொரு காட்சி. ஓசூர்ப் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தியவுடன் கடையிலுள்ள ஒலிப்பெட்டி, "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று பேசுகிறதன்றோ? கடைக்காரர் ஒவ்வொரு குவளைக்கும் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை. பணம் வந்த செய்தியே அவரைத் தேடி வருகிறது. அப்பெட்டியின் உள்ளமைப்பு வேறாக இருக்கலாம், எண்ணம் ஒன்றே.

'கொக்கி' என்று பெயர் வந்த காரணமும் எளிது. ஒரு நிகழ்ச்சியின்மேல் கொக்கியை மாட்டி வைக்கிறோம். நிகழ்ச்சி நடந்தவுடன் கொக்கி இழுபட்டு, மறுமுனையில் உள்ள மணி அடிக்கிறது. 'வெப்ஹூக்' என்னும் சொல்லை 2007இல் ஜெஃப் லிண்ட்சே என்னும் அமெரிக்க நிரலாளர் வழங்கினார். தொடக்கத்தில் இது நிரல் எழுதுவோர் மட்டும் கையாண்ட கருவி. பின்னர், நிரல் எழுதாமலே செயலிகளை இணைக்கும் கருவிகள் வந்தன. 2011இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜேப்பியர் அவற்றுள் ஒன்று. சென்னையில் தலைமையிடம் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் 'ஜோஹோ ஃப்ளோ' மற்றொன்று. இவற்றை 'நோ கோட்' கருவிகள் என்பர். "இது நடந்தால் அதைச் செய்" என்னும் கட்டளையைத் திரையில் தேர்ந்தெடுத்து அமைத்தால் போதும்.

ஐந்து உறுப்புகள்

எந்த வெப்ஹூக்கிலும் ஐந்து உறுப்புகள் உண்டு. அஞ்சல் துறையோடு ஒப்பிட்டுக் காண்போம்.

முதலாவது, நிகழ்ச்சி. படிவம் நிரப்பப்பட்டது, பணம் பெறப்பட்டது, பொருள் அனுப்பப்பட்டது என்பன போன்றவை. எந்த நிகழ்ச்சிக்குச் செய்தி செல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, முகவரி. செய்தியைப் பெறும் செயலி நமக்கென்று நீண்டதோர் இணைய முகவரியை உருவாக்கித் தருகிறது. அதை எடுத்துச் சென்று அனுப்பும் செயலியில் ஒட்ட வேண்டும். இந்த ஒட்டும் வேலைதான் பாதி வேலை.

மூன்றாவது, பொதி. அஞ்சலுறைக்குள் இருக்கும் கடிதம் இது. பெரும்பாலும் 'ஜேசன்' என்னும் அமைப்பில் எழுதப்படும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நம் பள்ளி வருகைப் பதிவேட்டில் தலைப்பும் அதற்கெதிரே குறிப்பும் இருப்பது போல, புலத்தின் பெயரும் அதற்குரிய மதிப்பும் இணை இணையாக இருக்கும். 'பெயர்' என்பது புலம். மாணவியின் பெயர் மதிப்பு. 'படிப்பு' என்பது புலம், 'பி.எஸ்ஸி. கணிதம்' என்பது மதிப்பு. தமிழ் எழுத்துகளும் இதில் பழுதின்றிச் செல்லும். 'போஸ்ட்' என்னும் முறையில் இப்பொதி அனுப்பப்படுகிறது.

நான்காவது, ஒப்புகை. பதிவு அஞ்சலைப் பெற்றவர் கையொப்பமிட்டுத் தருவது போல, பெறும் செயலி ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். 200 என்றால் பெற்றுக்கொண்டேன் என்பது பொருள். 404 என்றால் அம்முகவரியில் எவரும் இல்லை. 500 என்றால் பெறுபவர் பக்கத்தில் கோளாறு. இந்த மூன்று எண்களை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால், எங்கே பழுது என்று தேடுவதில் பாதிச் சிரமம் குறையும்.

ஐந்தாவது, மறுமுயற்சி. ஒப்புகை வராவிடில் நல்ல செயலிகள் சற்று நேரம் கழித்து மீண்டும் அனுப்பும். பெங்களூரில் தலைமையிடம் கொண்ட ரேஸர்பே என்னும் பணப்பரிமாற்ற நிறுவனம், ஒப்புகை கிடைக்காத செய்தியை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே ஒரு முழு நாள் வரை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. எல்லாச் செயலிகளும் அவ்வாறு செய்வதில்லை. சில ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விடும். நாம் பயன்படுத்தும் கருவி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்வது நம் கடமை.

நம் இளைஞர்கள் அமைத்த விதம்

அந்த மாணவியின் படிப்பு தடைப்பட்ட பின்னர், நம் சங்கத்து இளைஞர்கள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் படிப்பக அறையில் அமர்ந்தனர். ஒருவர் ஐ.டி.ஐ. படித்துச் சிப்காட்டில் இயந்திரம் இயக்குபவர். மற்றவர் பாலிடெக்னிக் டிப்ளமோ பெற்றவர், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புபவர். இருவரும் நிரல் எழுதக் கற்றவர் அல்லர். யாம் அருகில் அமர்ந்து பார்த்தோம். அவர்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

இணைக்கும் கருவியில் ஒரு புதிய தொடரைத் தொடங்கினர். "எதனால் இது தொடங்க வேண்டும்?" என்று கருவி கேட்டது. 'வெப்ஹூக்' என்பதைத் தேர்ந்தனர். உடனே அது ஒரு முகவரியைத் தந்தது. அதை நகலெடுத்து, படிவக் கருவியின் ஒருங்கிணைப்புப் பகுதியில் வெப்ஹூக் என்றிருந்த இடத்தில் ஒட்டினர். படிவத்தின் எந்தெந்தப் புலங்கள் செல்ல வேண்டும் என்று குறித்தனர். பின்னர் ஒரு சோதனைப் படிவத்தை நிரப்பி அனுப்பினர். சில நொடிகளில் மறுபக்கத் திரையில் அவ்விவரம் வந்து நின்றது. அதன்பின், "பெயர் வந்தால் கணக்குத் தாளின் இரண்டாம் பத்தியில் எழுது, படிப்பு வந்தால் மூன்றாம் பத்தியில் எழுது" என்று பொருத்தினர். இறுதியாக, "படிவக் குழுவில் உள்ள மூவருக்கும் டெலிகிராமில் செய்தி அனுப்பு" என்று ஒரு படியைச் சேர்த்தனர். மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

ஒருவருக்கு அனுப்பாமல் மூவருக்கு அனுப்பியதன் காரணம் உங்களுக்கே விளங்கும். மூவரும் ஒரே ஷிப்டில் இருப்பதில்லை. ஆயினும் மூவருக்குச் சென்றால் மூவருமே மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே முதலில் பார்த்தவர் தாளில் தம் பெயரை எழுத வேண்டும் என்றும், இரண்டு நாளுக்குள் எவர் பெயரும் எழுதப்படாவிடில் சங்கச் செயலாளருக்குச் செய்தி செல்ல வேண்டும் என்றும் விதி வகுத்தனர். கருவி செய்தியைக் கொண்டுவரும், பொறுப்பைக் கொண்டுவராது. பொறுப்பை நாமே எழுதி வைக்க வேண்டும்.

எல்லைப்புறத்தின் தனித் தேவை

நாம் வாழும் நிலப்பகுதியின் இயல்பு இங்கே நினைவிற்கு வருகிறது. 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றியதும், பின்னர் ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்து வாகனத் தொழிற்சாலைகளும் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் வந்ததும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும், 2019இல் ஓசூர் மாநகராட்சியானதும் நம் கண்முன் நடந்த மாற்றங்கள். இப்பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. பிழைப்பு நாடிப் பல மாநிலத்தார் வந்து தங்கியுள்ளனர். நம் பிள்ளைகள் எல்லைக்கு அப்பால் உள்ள கல்லூரிகளிலும் படிக்கின்றனர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலவாரியாக அமைந்தது. ஒரு மாநிலப் பட்டியலில் உள்ள சாதி அடுத்த மாநிலப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகையோ, மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலத்தின் வழியாகவே கிடைக்கும். படிக்கும் இடத்தைப் பொறுத்ததன்று. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்கள் அதற்குத் தகுதியுடையோர்.

ஆகவே நம் இளைஞர்கள் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தனர். சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் பெறப்பட்டது? கல்லூரி எந்த மாநிலத்தில் உள்ளது? இணைக்கும் கருவியில் கிளை பிரிக்கும் வசதி உண்டு. இரண்டிற்கும் விடை தமிழ்நாடு என்றால் செய்தி ஒரு வழியில் செல்லும். சான்றிதழ் தமிழ்நாடு, கல்லூரி கருநாடகம் என்றால், அவ்விதிகளை நன்கறிந்த உறுப்பினருக்குத் தனியே செல்லும். சான்றிதழே பிற மாநிலத்தது என்றால், அந்த மாநிலத்தில் விண்ணப்பிக்க வழிகாட்டும் உறுப்பினருக்குச் செல்லும். முன்பெல்லாம் இதைப் பிரித்தறியவே ஒரு வாரம் ஓடிவிடும். இப்பொழுது படிவம் வந்த நிமிடத்திலேயே பிரிந்து செல்கிறது.

நாம் பட்ட இடர்கள்

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று கூறினால் அது மேடைப் பேச்சாகிவிடும். நாம் செய்த பிழைகளையும் சொல்கிறோம்.

முதற்பிழை. ஓர் உறுப்பினர் படிவத்தை அழகுபடுத்த எண்ணி, 'தொலைபேசி' என்றிருந்த புலத்தின் பெயரை 'கைபேசி எண்' என்று மாற்றினார். மறுபக்கத்தில் கருவி இன்னும் 'தொலைபேசி' என்னும் பெயரையே தேடிக்கொண்டிருந்தது. ஆறு மாணவர்களின் விவரம் கைபேசி எண் இல்லாமலே வந்தது. வீடு தேடிச் சென்று அவர்களைக் கண்டோம். அன்றிலிருந்து, புலத்தின் பெயரை மாற்றுபவர் சோதனைப் படிவம் ஒன்றை அனுப்பிப் பார்த்த பின்னரே எழ வேண்டும் என்பது விதி.

இரண்டாம் பிழை. ஒரே மாணவரின் விவரம் தாளில் இருமுறை ஏறியது. ஒப்புகை தாமதமானால் அனுப்பும் செயலி மீண்டும் அனுப்பும் என்று முன்னர்ச் சொன்னோம்; அதன் விளைவு இது. உதவித்தொகைப் படிவம் இருமுறை வந்தால் பெரிய தீங்கில்லை. ஆயின் பணம் சார்ந்த செய்தி இருமுறை வந்து, நாம் இருமுறை பணம் கொடுத்துவிட்டால்? ஆகவே ஒவ்வொரு படிவத்திற்கும் தனி எண் வைத்து, "இந்த எண் தாளில் முன்பே இருந்தால் மீண்டும் எழுதாதே" என்னும் படியைச் சேர்த்தனர்.

மூன்றாம் பிழைதான் பெரிது. தாம் செய்த வேலையைப் பெருமையோடு காட்ட விரும்பி, ஓர் இளைஞர் திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் இட்டார். அப்படத்தில் வெப்ஹூக் முகவரி முழுவதும் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, பொருளற்ற பெயர்களுடன் வரிசையாகப் பொய்ச் செய்திகள் வந்து குவிந்தன. மூவரின் கைபேசியும் ஓயாமல் ஒலித்தது. உண்மையான விண்ணப்பம் எது என்று தேட வேண்டியதாயிற்று. முகவரியை அறிந்தவர் எவரும் அதற்குச் செய்தி அனுப்பலாம் என்னும் உண்மையை அன்றுதான் உணர்ந்தோம். பழைய முகவரியை நீக்கிப் புதிய முகவரியை அமைத்தனர். வீட்டுச் சாவியைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவோமா? வெப்ஹூக் முகவரியும் சாவியே.

பெரிய நிறுவனங்கள் இதற்கு மேலும் ஒரு காப்பு வைத்துள்ளன. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டும் தெரிந்த ஓர் இரகசியச் சொல்லைக் கொண்டு, ஒவ்வொரு பொதிக்கும் ஒரு கணித முத்திரை இடுவார்கள். பெறுபவர் அதே இரகசியச் சொல்லால் முத்திரையைக் கணக்கிட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒத்தால் செய்தி மெய், ஒவ்வாவிடில் பொய். ரேஸர்பே போன்ற பணப்பரிமாற்ற நிறுவனங்கள் இம்முறையையே கையாளுகின்றன. உங்களுள் எவரேனும் கடைக்கோ தொழிலுக்கோ பணம் சார்ந்த வெப்ஹூக் அமைப்பீராயின், முத்திரையைச் சரிபார்க்காமல் ஒரு செய்தியையும் நம்பாதீர்.

மற்றொன்று. கட்டணமில்லாத் திட்டங்களில் மாதத்திற்கு இத்தனை முறைதான் என்று வரம்பு உண்டு. வரம்பு தீர்ந்தால் தொடர் நின்றுவிடும். நின்றது நமக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே ஞாயிறுதோறும் ஒருவர் படிவத்தின் எண்ணிக்கையையும் தாளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையொப்பமிடும் ஒரு சிறு நோட்டு படிப்பகத்தில் இருக்கிறது. "கணினி வந்த பின்னும் நோட்டா?" என்று சிலர் நகைத்தனர். முப்பதாண்டு பதிவேடு பராமரித்தவர் என்ற முறையில் சொல்கிறோம்: அந்த நோட்டு இருக்கட்டும்.

எதை அனுப்பக் கூடாது

இளைஞர்களே, இப்பகுதியைக் கூர்ந்து கேளுங்கள். படிவத்தில் மாணவர் தம் சாதியை எழுதுகிறார். பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணை எழுதுகிறார். வங்கிக் கணக்கை எழுதுகிறார். வெப்ஹூக்கில் எல்லாப் புலங்களையும் அனுப்பு என்று குறிப்பது மிக எளிது. ஒரே ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும். ஆயின் அவ்விவரம் படிவக் கருவி, இணைக்கும் கருவி, கணக்குத் தாள், டெலிகிராம் என நான்கு இடங்களில் படிகிறது. ஒவ்வோர் இடமும் ஒரு வாசல்.

நம் சாதியின் பெயரை வைத்து நம் பிள்ளைகளுக்கு வாடகை வீடு மறுக்கப்படுவதையும், வேலையிடத்தில் முகம் மாறுவதையும் நாம் கண்டிருக்கிறோம். உதவி கேட்டு எழுதிய சாதிப் பெயர், உதவி செய்யாதவர் கைக்குச் செல்வது நம் சங்கத்தால் நேரக் கூடாது. ஆகவே டெலிகிராமில் செல்லும் செய்தியில் விண்ணப்ப எண், கல்லூரியின் மாநிலம், கடைசி நாள் ஆகிய மூன்று மட்டுமே இருக்கும். மற்றவற்றைப் பொறுப்பாளர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு படிவத்தில் சென்று பார்க்க வேண்டும். ஆதார் எண்ணை நாம் இப்பொழுது கேட்பதே இல்லை. மாணவர் தாமே அரசின் தளத்தில் பதிந்துகொள்கிறார். எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இல்லாவிடினும் இது நம் நெறியாக இருந்திருக்க வேண்டும்.

இளைஞர்களுக்கு உள்ள வாய்ப்பு

"இதைக் கற்று எமக்கு என்ன பயன்?" என்று கேட்கலாம். இந்தத் தொழிற்பகுதியில் சிறு பட்டறைகள் எத்தனை! ஆணை ஒரு கைபேசியில் வருகிறது. இருப்பு ஒரு நோட்டில் இருக்கிறது. பட்டியல் வேறொரு மென்பொருளில் போடப்படுகிறது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு செல்ல மின்வழிச் சீட்டு வேண்டும். சூசூவாடி எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு வண்டிக்கும் தரவு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சென்றாக வேண்டும். ஒரே விவரத்தை மூன்றிடத்தில் மூன்று முறை தட்டச்சு செய்யும் வேலையை ஒழித்துத் தருபவருக்கு இங்கே பணி உண்டு.

இக்கருவிகள் எங்கோ கடல் கடந்து மட்டும் உருவாகவில்லை. 1996இல் தொடங்கிய ஜோஹோ நிறுவனம் தென்காசி போன்ற ஊரகப் பகுதியிலும் அலுவலகம் நடத்துகிறது. அது நடத்தும் பயிற்சிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி வேலையிலும் அமர்த்துகிறது. நிரலற்ற கருவிகளை ஆக்கும் கிஸ்ஃப்ளோவும் சென்னை நிறுவனமே. பட்டம் இல்லை என்று தளர்ந்திருக்கும் பிள்ளைகள் இவற்றை அறிந்துகொள்ள வேண்டும். அதே வேளையில் பட்டப்படிப்பை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள் என்று யாம் சொல்லவில்லை. நம்மைப் பொறுத்தவரை பட்டம் என்பது வேலைக்கான சீட்டு மட்டுமன்று. மறுக்கப்பட்டதைப் பெற்ற சான்று.

செய்தி சுமந்த கால்கள்

முடிக்குமுன் பழைய நினைவொன்று. நம் பாட்டனார் காலத்தில், ஊரில் ஒருவர் இறந்தால் அச்செய்தியை உறவினர் வாழும் ஊர்களுக்குக் கொண்டுசெல்லும் வேலை நம் மக்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தது. நள்ளிரவாயினும் மழையாயினும் புறப்பட வேண்டும். பத்துக் கல், பதினைந்து கல் தொலைவு நடந்து சென்று, வீட்டிற்குள் ஏறாமல் தெருவில் நின்றே சொல்ல வேண்டும். செய்தி பிறருடையது, வழி பிறர் குறித்தது, நடந்த கால்கள் மட்டும் நம்முடையவை. மறுத்தால் அடியும் உதையும். எம் பாட்டனார் அவ்வாறு நடந்தவர். அதைப் பற்றி அவர் பேச விரும்பியதில்லை.

அவருடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று தாமே அமர்ந்து, எந்தச் செய்தி போக வேண்டும், எவரிடம் போக வேண்டும், எது போகக் கூடாது என்று முடிவு செய்கின்றனர். நாம் வெப்ஹூக்கைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதன் பொருள் இதுதான். கருவி நாளை மாறும். வேறு பெயரில் வேறொன்று வரும். நம்முடைய செய்தியை நாமே ஆளும் பழக்கம் மாறக் கூடாது. பிறர் அமைத்துக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தால், மீண்டும் பிறர் வகுத்த வழியில் நடப்பவர்களாகவே ஆவோம்.

2021இல் ஓராண்டை இழந்த அம்மாணவியைப் பற்றிச் சொல்லி அமர்கிறோம். அடுத்த ஆண்டு அவர் மீண்டும் கல்லூரியில் சேர்ந்தார்; பட்டமும் பெற்றார். இன்று படிவக் குழுவின் மூவருள் அவரும் ஒருவர். செய்தி வந்தால் பெரும்பாலும் தாளில் முதலில் எழுதப்படுவது அவருடைய பெயரே. அவர் இழந்த ஓராண்டை நம்மால் திருப்பித் தர இயலாது. ஆனால் இந்த ஏற்பாடு அமைந்த பின்னர், நம்மிடம் வந்த எந்த விண்ணப்பமும் பார்ப்பாரின்றிக் கடைசி நாளைக் கடக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் படிப்பகம் திறந்திருக்கும். அவ்விரு இளைஞர்களும் அம்மாணவியும் அங்கே இருப்பார்கள். கைபேசியோடு வாருங்கள், கற்றுக்கொண்டு சென்று, அடுத்த தெருவில் ஒருவருக்குக் கற்பியுங்கள். யாமும் மாணவராக வந்து அமர்வோம்.